சென்னையில் வீடு, ஸ்ரீசிட்டியில் வேலை: கார் இல்லாமல் போய்வரும் வழி

ஆந்திர எல்லையைத் தாண்டியதும் தடாவை ஒட்டி அமைந்துள்ள தொழில் நகரமான ஸ்ரீசிட்டியில் வேலை கிடைத்தவுடன், சென்னைவாசிகள் பலரும் முதலில் விசாரிப்பது கார் கடனைப் பற்றித்தான். கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் முன் ஒரு மாதம் ரயிலில் போய்ப் பார்ப்பது நல்லது. சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கும்மிடிப்பூண்டி வழியாகச் சூலூர்பேட்டை வரை மின்சார ரயில்கள் ஓடுகின்றன. கும்மிடிப்பூண்டியை அடுத்து எளாவூர், ஆரம்பாக்கம், அதற்கடுத்து தடா. எனினும் காலைப் பயணத்தை மட்டும் கணக்குப் போட்டுவிட்டுக் கிளம்புகிறவர்கள் சில வாரங்களில் சலித்துப் போய்க் காருக்கு மாறிவிடுகிறார்கள். ஆகவே, மாலையில் எப்படித் திரும்புவது என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டு, அதற்கேற்பக் காலை நேரத்தை அமைத்துக்கொள்ள வேண்டும்.

இதற்குக் காரணம் உண்டு. கும்மிடிப்பூண்டி வரை வண்டிகள் ஓரளவு அடுத்தடுத்து வருகின்றன. அதற்கு வடக்கே எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. தடாவில் மாலை வண்டியைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க நேரிடும். எனவே சூலூர்பேட்டையிலிருந்து சென்னை நோக்கி வரும் மாலை வண்டிகளின் நேரத்தை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, உங்கள் பணி முடியும் நேரத்துக்குப் பொருந்தும் இரண்டைத் தேர்ந்தெடுங்கள். இரண்டும் தவறினால், எப்படியாவது கும்மிடிப்பூண்டியை அடைவதே அடுத்த இலக்காக இருக்கட்டும். அங்கிருந்து சென்னைக்குத் திரும்புவது கடினமாக இராது.

எந்த நிலையத்தில் ஏறுவது என்பது வீடு இருக்கும் இடத்தைப் பொறுத்தது. தென்சென்னையிலிருந்து வருபவர்களில் பெரும்பாலோர் சென்ட்ரலில் மெட்ரோவை விட்டு இறங்கி, பக்கத்திலுள்ள மூர் மார்க்கெட் வளாகத்துக்கு நடக்கிறார்கள். மெட்ரோ பாதை 2021-இல் விம்கோ நகர் வரை நீட்டிக்கப்பட்ட பிறகு இன்னொரு வழியும் திறந்திருக்கிறது: மெட்ரோவிலேயே விம்கோ நகர் வரை சென்று, அங்கே புறநகர் ரயிலுக்கு மாறிக்கொள்ளலாம். கட்டணம் சற்றுக் கூடினாலும் பேசின்பாலம், கொருக்குப்பேட்டைப் பகுதியில் வண்டி ஊர்ந்து நின்று செல்லும் நேரம் மிச்சமாகும். திருவொற்றியூர், தண்டையார்பேட்டைவாசிகளுக்கு இந்தக் கேள்வியே எழாது. உட்கார இடம் வேண்டுமென்றால் மூர் மார்க்கெட் வளாகத்தில் ஏறுவதே மேல். ஆனால் நடைமேடைக்குள் நுழைந்ததும் எதிர்ப்படும் கடைசிப் பெட்டிகளிலேயே எல்லோரும் ஏறிவிடுவதால், இன்னும் நாலைந்து பெட்டிகள் தள்ளி முன்னால் நடந்தால் ஜன்னலோரமே கிடைக்கக்கூடும்.

சீசன் டிக்கெட்டை முதல் மாதம் மாதாந்தரமாகவும், பழகிய பின் மூன்று மாதத்துக்குமாக எடுங்கள். மூன்று மாதச் சீட்டின் விலை மாதச் சீட்டின் விலையைப் போல 2.7 மடங்குதான். விம்கோ நகரில் ஏறுபவர் அங்கிருந்தே தடாவுக்கு எடுத்தால் போதும், சென்ட்ரலிலிருந்து எடுக்க வேண்டியதில்லை.

நேரக் கணக்கில் தாராளமாக இருங்கள். மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரமும், தடாவுக்கு அதற்கு மேல் ஏறத்தாழ அரை மணி நேரமும் ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இது கூடூர், விஜயவாடா வழியாக வட இந்தியாவுக்குச் செல்லும் முக்கியப் பாதை என்பதால், பின்னால் வரும் விரைவு ரயிலுக்கு வழிவிட்டு உங்கள் வண்டி பொன்னேரியிலோ கவரைப்பேட்டையிலோ நின்றுவிடுவது வழக்கமே. அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துக்கும் எண்ணூர்ப் பக்கத் துறைமுகத்துக்கும் ஓடும் சரக்கு ரயில்களும் இதே பாதையைத்தான் பங்கிட்டுக்கொள்கின்றன. பராமரிப்புப் பணி நடக்கும் நாள்களில் வண்டிகள் பொன்னேரியுடனோ மீஞ்சூருடனோ நிறுத்தப்படுவதும் உண்டு. இத்தகைய மாற்றங்களைத் தெற்கு ரயில்வே முன்கூட்டியே அறிவிப்பதால், செய்தித்தாளில் அந்தச் சிறு பத்தியைத் தேடிப் படிக்கும் பழக்கம் வேண்டும்.

உண்மையான சிக்கல் தடா நிலையத்தில் இறங்கிய பின்புதான் தொடங்குகிறது. ஸ்ரீசிட்டி மிகப் பரந்தது. நுழைவாயில் வரை வந்துவிட்டால் அலுவலகம் வந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. வாயிலிலிருந்து உங்கள் நிறுவனத்துக்கு இன்னும் எவ்வளவு தொலைவு என்பதை வேலையில் சேரும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே திசையில் போகும் நான்கைந்து பேர் சேர்ந்து, ஓர் ஆட்டோக்காரரிடம் மாத வாடகை பேசிவிடுவதே பெரும்பாலும் கட்டுப்படியாகும். இந்தப் பக்கத்தில் தமிழும் தெலுங்கும் கலந்தே புழங்குவதால் மொழியை நினைத்துத் தயங்க வேண்டியதில்லை. "அண்ணா, சாயங்காலமும் நீங்களே வந்திடணும்" என்று முதல் நாளே சொல்லி, அவருடைய கைபேசி எண்ணையும், அவர் வராத நாளில் வரக்கூடிய இன்னொருவரின் எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சைக்கிளில் நம்பிக்கை உள்ளவர்கள் அதை ரயிலில் ஏற்றிச் செல்ல முனைய வேண்டாம்; பழைய சைக்கிள் ஒன்றைத் தடாவிலேயே நம்பகமான இடத்தில் வாடகைக்கு நிறுத்தி வைப்பது சுலபம். ஆனால் தேசிய நெடுஞ்சாலை 16-இல் கண்டெய்னர் லாரிகள் இடைவிடாமல் ஓடுவதால், சர்வீஸ் சாலையை விட்டு விலகாதீர்கள். கத்திரி வெயில் நாள்களிலும் வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் ஆட்டோவையே நம்புங்கள்.

பேருந்தை மாற்று ஏற்பாடாக மட்டுமே கருதுவது என் பரிந்துரை. நெல்லூர் நோக்கிச் செல்லும் பேருந்துகள் மாதவரம் பேருந்து நிலையத்திலிருந்து புறப்படுகின்றன. எல்லாமே தடாவில் நிற்கும் என்று சொல்ல முடியாதாகையால், ஏறும் முன்பே நடத்துநரிடம் கேட்டுவிடுங்கள். பெண்களுக்கு இரு மாநிலங்களிலும் கட்டணமில்லாப் பயணத் திட்டம் இருந்தாலும், எல்லையைக் கடக்கும் பேருந்துகளில் இரண்டுமே செல்லாது. தமிழ்நாட்டில் அது சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளுக்கானது. ஆந்திராவில் 2025 ஆகஸ்டு 15 அன்று தொடங்கிய திட்டம் அம்மாநிலப் பெண்களுக்கானது, வெளிமாநிலத் தடங்களுக்குப் பொருந்தாது. ஆகவே மாதச் செலவைக் கணக்கிடும்போது முழுக் கட்டணத்தையே சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நிறுவனம் ஊழியர் பேருந்து விடுகிறது என்றால், வீட்டருகில் ஏறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. கும்மிடிப்பூண்டி வரை ரயிலில் வந்து, அந்தப் பேருந்து நெடுஞ்சாலையில் கடந்து செல்லும் இடத்தில் ஏறிக்கொண்டால், செங்குன்றம் பக்கத்துக் காலை நெரிசலில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. தடாவில் ஆட்டோ தேடும் வேலையும் இல்லை. என் கணிப்பில் எல்லா வழிகளிலும் இதுவே சிறந்தது. இதற்கு ஓட்டுநரின் சம்மதம் மட்டும் போதாது. போக்குவரத்துப் பிரிவின் பட்டியலில் உங்கள் ஏறுமிடம் கும்மிடிப்பூண்டி என்று எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லையேல் ஓட்டுநர் மாறும் நாளில் பேருந்து நிற்காமல் போய்விடும்.

இரவுப் பணி இருந்தால் இந்த ஏற்பாடு எதுவும் பொருந்தாது. நிறுவனம் வீடு வரை வண்டி தருமா என்பதை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். பகல் பணியிலும் கால் மணி நேரம் முன்னதாக வந்து, கால் மணி நேரம் முன்னதாகக் கிளம்ப அனுமதி கேட்டுக் கடிதம் கொடுத்துப் பாருங்கள். குறித்து வைத்த மாலை வண்டியின் நேரத்தையும் அந்தக் கடிதத்திலேயே குறிப்பிட்டுவிட்டால், மேலாளருக்குக் காரணம் புரியும்.