பெரிய எஸ்யூவியின் எலக்ட்ரானிக் முன் ஷாக்கைக் குறைந்த செலவில் மாற்றும் வழி

பிஎம்டபிள்யூ எக்ஸ்5 மாதிரி ஒரு பெரிய வண்டியை ஆசைப்பட்டு செகண்ட் ஹேண்டில் வாங்கிவிட்டு, சஸ்பென்ஷன் விளக்கு எரிந்ததும் சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட்டைப் பார்த்து மலைத்துப்போய் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். முன்பக்கம் காயில் ஸ்பிரிங் உள்ள வண்டிக்கு மட்டும்தான் இது பொருந்தும், ஏர் சஸ்பென்ஷன் வேறு கதை.

விளக்கு எரிந்தாலே ஷாக் (ஷாக் அப்சார்பர்) போச்சு என்று முடிவு கட்டாதீர்கள். உள்ளே ஆயில் போகும் வழியைக் கூட்டிக் குறைக்க ஒரு சோலினாய்டு வால்வு, அதற்குக் கரண்ட் கொடுக்க ஒரு கம்ப்யூட்டர், மற்றபடி சாதாரண ஷாக்தான். வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பழுதைப் படிக்கும் ஸ்கேனர் எந்தப் பக்கத்தைக் காட்டுகிறதோ அங்கே, இக்னிஷனை அணைத்துவிட்டு, கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். பின்னில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கலாம், ஒயரை எலி கடித்திருக்கலாம் (ராணிப்பேட்டையில் குடோன் ஓரம் வண்டி நிறுத்துபவர்களுக்கு இது புதிதல்ல). ஷாக் பக்கத்து இரண்டு பின்னுக்கும் நடுவே மல்டிமீட்டரில் ஓம் அளந்து, அடுத்த பக்கத்து ஷாக்கோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றுபோல இருந்து, ஆயில் கசிவும் இல்லையென்றால் முதலில் ஒயரைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஆயில் வழிந்து அதன்மேல் புழுதி அப்பியிருந்தால் மாற்றித்தான் ஆகவேண்டும், அதுவும் இரண்டு பக்கமும் சேர்த்து. கார் கம்பெனிகள் பெரும்பாலும் ஷாக்கைத் தாங்களே செய்வதில்லை, சாக்ஸ், பில்ஸ்டீன் போன்றவர்களிடம் வாங்கித் தங்கள் பெயரில் விற்கின்றன. சேஸிஸ் நம்பரை வைத்து பார்ட் நம்பரை எடுத்து, ஷாக்கைச் செய்த கம்பெனியின் சொந்தப் பெயர் போட்ட பெட்டியில் அதே சாமான் கிடைக்கிறதா என்று தேடுங்கள், விலை நிறைய இறங்கும். ஸ்பிரிங் உடையாமல் இருந்தால் பழையதே போதும். பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுக்க அமுங்கும்போது இடியைத் தாங்கும் ரப்பர்), டஸ்ட் கவர், மேல் மவுன்ட் (ஷாக்கின் தலையை பாடியோடு பிணைப்பது) மூன்றையும் மட்டும் புதிதாகப் போடுங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். சென்னை புதுப்பேட்டை பழைய சாமான் கடைகளுக்குக் கதவு, பம்பர் வாங்கப் போகலாம், ஓடித் தேய்ந்த ஷாக் வாங்கப் போகாதீர்கள்.

அதைவிடவும் மலிவாக வேண்டுமென்றால் அதே மாடலுக்கான சாதாரண ஷாக்கைப் போட்டு, கம்ப்யூட்டரை ஏமாற்ற பைபாஸ் மாட்யூல் வைக்கலாம். அப்புறம் கம்ஃபர்ட், ஸ்போர்ட் பட்டன் வெறும் அலங்காரம்தான். ஏலகிரிக்குப் பதினான்கு கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குகிறவர் என்றால் எனக்கு அதில் சம்மதமில்லை.

வேலை நேரத்தில் கவனிக்க வேண்டியது ஸ்பிரிங். நல்ல ஸ்பிரிங் கம்ப்ரஸர் (ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவி) போட்டு அதை அடக்காமல் ஷாக்கின் நடு நட்டைத் தொடவே கூடாது, தெறித்தால் உயிருக்கே ஆபத்து. கம்ப்ரஸர் இல்லாத பட்டறையென்றால் ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டை முழுசாகக் கழற்றி, இருக்கிற பட்டறைக்கு எடுத்துப்போங்கள். வண்டி ஜாக்கியில் மட்டும் நிற்கக்கூடாது, ஸ்டாண்ட் வேண்டும். கழற்றும் முன் மேல் மவுன்ட் எந்தத் திசையில் இருந்தது என்று பெயின்ட்டால் கோடு போடுங்கள். சக்கரம் மாட்டியிருக்கும் நக்கிளைக் கம்பியால் கட்டிவையுங்கள், பிரேக் ஹோஸில் தொங்க விடாதீர்கள். பிஸ்டன் ராடைப் பிளையரால் பிடித்தால், விழும் கீறல் புது சீலையே கிழித்துவிடும். கீழ் புஷ் போல்ட்டின் கடைசி இறுக்கு வண்டி எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான், தொங்கும்போதே இறுக்கினால் புஷ் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

ஸ்கேனரால் பழுதுக் குறியீட்டை (ஃபால்ட் கோட்) அழித்து, அலைன்மென்ட் பார்த்தபின் காட்பாடி மேம்பாலத்து இணைப்புகள்மேல் மெதுவாக ஓட்டுங்கள். டக்கென்று சத்தம் வந்தால் மேல் மவுன்ட் நட்டையும் ஸ்டெபிலைசர் லிங்க்கையும் (வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியின் இணைப்பு) பாருங்கள், பெரும்பாலும் அதில் ஒன்று லூசாக இருக்கும்.