மல்லிகை மஞ்சளானால் யூரியாவைத் தொடாதீர்கள்

பங்குனி பிறந்ததிலிருந்து நான்கு பேர் எனக்கு இலைப் படம் அனுப்பிவிட்டார்கள். நால்வரும் கேட்டது ஒன்றுதான். "அக்கா, குண்டுமல்லி இலையெல்லாம் மஞ்சளாப் போகுதுங்க. என்ன உரம் போடட்டுங்க?" அதில் இரண்டு பேர் பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல் யூரியா போட்டுவிட்டுத்தான் கேட்டார்கள். இதே தவறைப் பல வருடங்களுக்கு முன்னால் நானும் செய்திருக்கிறேன். அதில் எனக்குப் போனது பன்னிரண்டு செடி. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தண்ணீர் ஊற்ற மறப்பது, ஆட்டுக்கு வேலி போடாமல் விடுவது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. அவை ஒருமுறை பட்டால் தானாகவே தெரிந்துவிடும். ஏன் போனது என்றே தெரியாமல் செடியைக் கொன்றுவிடும் தவறுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மஞ்சள் இலையைப் பசி என்று நினைப்பது

என் அம்முச்சி, அதாவது அம்மாவின் அம்மா, வீடு கோபிப் பக்கம். கொடிவேரி அணையிலிருந்து வரும் தடப்பள்ளி வாய்க்கால் தண்ணீர் பாயும் ஊர். அங்கே வீட்டு வாசலில் நின்ற மல்லிகைச் செடிகளில் இலை கொஞ்சம் வெளுத்தால் அம்முச்சி ஒரு பிடி யூரியாவை எடுத்துச் செடியைச் சுற்றித் தூவித் தண்ணீர் கட்டிவிடுவார். பத்து நாளில் செடி கருகருவென்று ஆகிவிடும். சின்ன வயதில் அதைப் பார்த்தே வளர்ந்தவள் நான்.

கல்யாணமாகி அவிநாசிப் பக்கம் வந்தபிறகு, அந்தச் செடிகளிலிருந்து 2014-ல் பன்னிரண்டு பதியன் எடுத்து வந்து நட்டேன். இரண்டு வருடம் நன்றாகத்தான் இருந்தன. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்துப் போனது. தொட்டியில் மழைத் தண்ணீர் இல்லை, குழாயில் வரும் நல்ல தண்ணீர் குடிக்கவே சரியாக இருந்தது. அப்புறம் செடிக்கு முழுக்க போர் தண்ணீர்தான். 800 அடியிலிருந்து வருகிற உப்புத் தண்ணீர்.

மாசியில் துளிர் வந்தது. வந்த துளிரே வெளிறி இருந்தது. நரம்பு மட்டும் பச்சை, நடுவெல்லாம் எலுமிச்சை மஞ்சள். எனக்கு அம்முச்சியின் கைதான் ஞாபகம் வந்தது. செடிக்கு ஒரு பிடி யூரியா போட்டேன். அடுத்து வந்த துளிர் இன்னும் வெளுத்தது. சத்து போதவில்லை போல என்று இன்னொரு பிடி, கூடவே ஊறவைத்த கடலைப் புண்ணாக்கு. வெயில் ஏற ஏற தண்ணீரையும் காலை மாலை என்று இரண்டு வேளையாக்கினேன். சித்திரையில் இலை ஓரம் கருகியது. ஆடிக்குள் பன்னிரண்டு செடியும் குச்சியாகிவிட்டன. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேரெல்லாம் பழுப்பேறி, இழுத்தால் தோல் உரிந்து வந்தது. அம்முச்சி அதற்கு முந்தின வருடம்தான் தவறியிருந்தார். அந்த வாசல் செடிகளும் வீடு இடித்துக் கட்டும்போது போய்விட்டன. அவர் கையால் வைத்த செடியின் வம்சம் என்னிடம்தான் இருந்தது. இன்றும் யாராவது மஞ்சள் இலைக்கு யூரியா என்றால் எனக்கு ஆத்திரம் வருவது அதனால்தான்.

என்ன நடந்தது என்று பிறகுதான் விளங்கியது. அம்முச்சியின் செடிக்கு உண்மையிலேயே பசி. வாய்க்கால் தண்ணீர் பாய்ந்து பாய்ந்து மண்ணிலிருந்த தழைச்சத்து கீழே இறங்கிவிடும், யூரியா அதை ஈடுகட்டியது. என் செடிக்கு இருந்தது இரும்புச்சத்துக் குறை. இத்தனைக்கும் அது நின்றது செம்மண்ணில். செம்மண்ணின் சிவப்பே இரும்புதான்! ஆனால் நம் பக்கத்து மண்ணில் பல இடங்களில் அடியில் சுக்கான் கல் கிடக்கிறது, அது சுண்ணாம்பு. போர் தண்ணீரும் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. இரண்டும் சேர்ந்து மண்ணைக் காரப்பக்கம் தள்ளிவிடும். கார அமில நிலை (pH) 7.5-ஐத் தாண்டினால் மண்ணில் உள்ள இரும்பு கரையாத வடிவத்துக்குப் போய்விடும். கரையாததை வேரால் எடுக்க முடியாது.

இந்த நிலையில் யூரியா போட்டால் துளிர் வேகமாக வரும். அந்தத் துளிருக்கும் இரும்பு வேண்டுமே! கிடைக்காததால் முன்னைவிட வெளுத்து வரும். அதைப் பார்த்து மறுபடி போடுவோம். தண்ணீரைக் கூட்டினால் ஒவ்வொரு குடத்தோடும் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேரும். ஈரம் காயாத மண்ணில் வேருக்குக் காற்று கிடைக்காது, அழுக ஆரம்பிக்கும். அழுகிய வேர் எதையும் எடுக்காது, எனவே இலை மேலும் மஞ்சளாகும். செடிக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டே கொன்றுவிடுகிறோம் என்பதுதான் இதில் எனக்குத் தாங்காத விஷயம்.

அதனால் மஞ்சளைப் பார்த்ததும் எதையும் போடாதீர்கள், முதலில் எந்த இலை என்று பாருங்கள். அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் நரம்போடு சேர்த்து ஒரே சீராக வெளுத்தால் தழைச்சத்துக் குறை, அதற்கு உரம் சரி. நுனியிலுள்ள இளம் இலைகள் நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் இருந்தால் இரும்பு. இலையில் பொடிப் பொடியாக வெளிர்ப் புள்ளி விழுந்து, திருப்பிப் பார்த்தால் அடியில் மெல்லிய நூலாம்படை இருந்தால் செஞ்சிலந்தி, அதற்கும் உரத்துக்கும் சம்பந்தமே இல்லை. மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடித் தொங்கினால் வேரழுகல். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள், ஈரம் பட்டால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம்.

இரும்புக்குறை என்று தெரிந்தால் மருந்து மலிவானதுதான். அன்னபேதி உப்பு, அதாவது ஃபெரஸ் சல்பேட். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், நிறுத்துப் போடுங்கள், கண்ணளவு வேண்டாம். கூடினால் இலை கருகும். அரை மூடி எலுமிச்சம்பழச் சாற்றையும் பிழிந்து விட்டால் கரைசல் சீக்கிரம் துருநிறமாக மாறாது. மழைத் தண்ணீரோ குடிக்கிற நல்ல தண்ணீரோ எடுத்துக் கலக்கி, உடனே, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் இரண்டு பக்கமும் படும்படி தெளிக்க வேண்டும். பதினைந்து நாள் இடைவெளியில் மூன்று முறை. சிமென்ட் தரையில் சிந்தினால் துருக்கறை போகவே போகாது, அதையும் சொல்லிவிடுகிறேன். அன்னபேதியை மண்ணில் கொட்டுவது பெரும்பாலும் வீண். அங்கே இருக்கிற சுண்ணாம்பு அதையும் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும்.

மண்ணில் சுண்ணாம்பு உண்டா என்று வீட்டிலேயே பார்க்கலாம். காய்ந்த மண் ஒரு கரண்டி எடுத்து அதன்மேல் வினிகர் சில சொட்டு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு நிறையவே இருக்கிறது. தண்ணீருக்கு, வெந்நீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியைப் பார்த்தால் போதும், வெள்ளையாகப் படிந்திருக்கும். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் மண்ணையும் தண்ணீரையும் பரிசோதித்துத் தருகிறார்கள்.

இப்போது என் செடிகள் நிற்பது மேட்டுப்பாத்தியில். ஒன்றரை அடி உயரம் கல் கட்டி, செம்மண்ணும் மக்கிய தொழுவுரமும் பாதிப் பாதி, கூடவே பொள்ளாச்சியிலிருந்து வாங்கிய தேங்காய் நார்க்கழிவு. நார்க்கழிவில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழியாமல் போடாதீர்கள். மழைத் தண்ணீர் பிடித்து வைக்கிறேன், தீர்ந்தால் போர் தண்ணீர்தான், வேறு வழியில்லை. ஆனால் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். மழை பெய்தால் அது பாத்தியின் உப்பைக் கழுவி இறக்கிவிடும்.

ஆர்.ஓ. கழிவுத் தண்ணீர்

ஊற்றாதீர்கள். வடிகட்டி பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. துணி துவைத்த தண்ணீரும் வேண்டாம். ஏசியிலிருந்து சொட்டுவது மட்டும் உப்பில்லாத தண்ணீர், வாளி வைத்துப் பிடியுங்கள்.

கவாத்துக்குப் பயப்படுவது

குண்டுமல்லி புதுக்கிளையின் நுனியில்தான் பூக்கும். பழைய கிளையை அப்படியே விட்டால் செடி பெரிதாகிக்கொண்டே போகும், பூ மட்டும் உயரத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாக வரும். கார்த்திகையில், அதாவது நவம்பர் கடைசி வாரத்திலிருந்து, தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் வெட்டிவிட வேண்டும். முழங்காலைவிடக் கொஞ்சம் மேலே அல்லது முழங்கால் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டுவதற்குச் சில நாள் முன்பே தண்ணீரை நிறுத்தி, வெட்டிய பின் மிஞ்சிய இலையையும் உருவிவிட்டு, உரம் வைத்துத் தண்ணீர் கட்டுவது வழக்கம். மாசி பங்குனியில் மொட்டு பிடிக்கும்.

முதல் வருடம் நான் கத்தரியை எடுத்தபோது என் மாமியார் வாசலுக்கே வந்து, "நல்லா இருக்கற செடிய எதுக்கு அம்மிணி வெட்டற?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்காக நுனியை மட்டும் கிள்ளி விட்டேன். அந்த வருடம் ஆழாக்கு மொட்டுக்கூடத் தேறவில்லை. அடுத்த வருடம் பாதிச் செடியை வெட்டினேன், பாதியை விட்டேன். பங்குனியில் இரண்டையும் பார்த்துவிட்டு, அதற்கடுத்த கார்த்திகையில் கத்தரியைத் தேடி எடுத்துக் கொடுத்ததே அவர்தான்.

இன்னொன்று. மார்கழி, தையில் சத்தியமங்கலம் பூச்சந்தையில் மல்லிகை கிலோ ஆயிரக்கணக்கில் போவதைப் பார்த்துவிட்டு, "நம்ம செடி மட்டும் ஏன் பூக்கலை" என்று கவலைப்பட்டு உரம் போடுகிறவர்கள் உண்டு. பனி விழும் மாதத்தில் பூ குறைவதால்தான் அந்த விலையே. உங்கள் செடிக்கு ஒன்றுமில்லை. அது ஓய்வெடுக்கிறது.

வேரைப் பார்க்காமல் வாங்குவது

குண்டுமல்லி நாற்று தமிழ்நாடு முழுக்க பெரும்பாலும் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து, தங்கச்சிமடம் மணலில் வளர்ந்து வருகிறது. நர்சரியில் நாம் பூவையும் இலையையும் பார்த்து எடுக்கிறோம். பையைக் கொஞ்சம் கிழித்து வேரைப் பாருங்கள். வேரில் கடுகு போலவும் மிளகு போலவும் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு, அதை வீட்டுக்குக் கொண்டு வரவே கூடாது. ஒருமுறை மண்ணில் இறங்கிவிட்டால் துரத்துவது பெரும்பாடு. குழியில் வேப்பம் புண்ணாக்கு போட்டு, பக்கத்தில் செண்டுமல்லி நட்டால் ஓரளவு கட்டுப்படும். நடும்போதே 4 அடி இடைவெளி விடுங்கள், சின்னச் செடிதானே என்று நெருக்கி நட்டால் மூன்றாம் வருடம் உள்ளே கைவிட முடியாது.

தென்னை நிழல்

இலை வரும். பூ வராது. ஆறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும்.

மொட்டுக்கு விஷமருந்து

தலையில் வைக்கிற பூ, குழந்தைகள் முகர்ந்து பார்க்கிற பூ. மொட்டுகளைச் சேர்த்துப் பின்னி ஓட்டை போட்டிருந்தால் மொட்டுப்புழு, அந்தக் கொத்தையே கிள்ளி எடுத்து நசுக்கிவிடுங்கள். மொட்டு ஊதா கலந்த சிவப்பாகிச் சூம்பினால் மொட்டு ஈ. அதன் புழு மண்ணில் விழுந்துதான் கூடு கட்டும். எனவே அப்படிப்பட்ட மொட்டுகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, செடியடியைக் கொத்திக் கிளறிவிட்டால் வெயிலில் பெரும்பகுதி போய்விடும். ஐந்து பத்துச் செடிக்குக் கையே போதும்.

படம் அனுப்பிய நால்வரில் ஒருவர் எங்கள் தெருக்கோடியில் இருக்கிறார். நேற்று சாயங்காலம் போய்ப் பார்த்தேன். நுனி இலைதான் மஞ்சள், மண் சேறாக இருந்தது. தண்ணீரை ஐந்து நாள் நிறுத்தச் சொல்லிவிட்டு, என்னிடமிருந்த அன்னபேதியில் 5 கிராம் நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். யூரியா மூட்டையை அவர் வீட்டுக்காரர் தென்னைக்கென்று எடுத்து வைத்துவிட்டார்.