வினிகர், வெந்நீர், உப்பு: எந்தக் களைக்கு எது எடுபடும்

வினிகர் அடிச்சா களை எல்லாம் போயிடும்னு வீடியோ பாத்துட்டு ரெண்டு பாட்டில் வாங்கி அடிச்சவதான் நானும், சாயங்காலமே இலையெல்லாம் கருகிடுச்சு, செம சந்தோஷம், பத்து நாள்ல கோரை மட்டும் ஒண்ணுமே நடக்காத மாதிரி திரும்ப நிக்குது.

வாசல் சிமெண்ட் விரிசல், கல்லு இடுக்குல வர்ற புல்லுக்கு கொதிக்கிற தண்ணிதான் பெஸ்ட். இட்லி எடுத்ததும் பானைல மிச்சமிருக்குற தண்ணிய ஆறவிடாம வேர்ப்பக்கம் ஊத்துங்க, செடி வேகவச்ச கீரை மாதிரி அப்படியே துவண்டுடும். திரும்ப துளிர்த்தா இன்னொரு தடவை. கால்ல செருப்பு முக்கியம், நல்ல செடி பக்கத்துல இருந்தா வேண்டாம்.

கடை வினிகர்ல 4-5% அசிட்டிக் ஆசிட்தான், அதனால தண்ணி கலக்காதீங்க. லிட்டருக்கு ஒரு ஸ்பூன் பாத்திரம் கழுவுற லிக்விட், இலையில ஒட்டுறதுக்கு. காத்து இல்லாத நேரமா நல்ல வெயில்ல அடிங்க. ரெண்டு இலை விட்ட குட்டிக் களைதான் சாகும், பெருசுக்கு மேல் இலை மட்டும் கருகும், வேர் தப்பிச்சிடும்.

உப்பு பாத்திக்குள்ள வேண்டவே வேண்டாம், மண்ணுல தங்கிட்டா அடுத்து நீங்க போடுற கத்திரி, வெண்டையும் வராது. காலி மனையில பார்த்தீனியம் மண்டிக் கிடந்தா மட்டும் லிட்டருக்கு 200 கிராம் உப்பு, கொஞ்சம் சோப்பு கரைச்சு பூக்குறதுக்கு முன்னாடி அடிக்கலாம். தோட்டத்துல ஒண்ணு ரெண்டுன்னா கிளவுஸ் போட்டு வேரோட பிடுங்குங்க, வெறும் கையில தொட்டா சில பேருக்கு அரிச்சு தடிச்சிடும்.

இப்ப கோரை. இழுத்தா இலைதான் கையோட வரும். களைக்கொத்தியால ஒரு சாண் தோண்டிப் பாருங்க, கொண்டைக்கடலை சைஸ்ல கருப்பா ஒரு கிழங்கு, அதுலருந்து நூல் மாதிரி ஓடி அடுத்த கிழங்கு, அப்படியே சங்கிலியா போகும். ஒண்ணு விட்டாலும் திரும்ப வரும், இதுக்கு இந்த வீட்டு ஸ்ப்ரே எதுவும் ஆகாதுங்க. முந்தின நாள் தண்ணி விட்டு மண்ணை இளக்கிட்டு தோண்டி, பொறுக்கின கிழங்கை மாடில சித்திரை வெயில்ல நல்லா சுக்கா காயப்போடுங்க, ஈரத்தோட கம்போஸ்ட்ல மட்டும் போட்டுடாதீங்க. நிழல் அதுக்குப் பிடிக்காது, அதனால அந்த இடத்துல தட்டப்பயறு மாதிரி அடர்த்தியா படர்றது ஏதாவது போட்டுடுங்க.

ஸ்ப்ரே எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை குனிஞ்சு பாருங்க, பருப்புக்கீரையும் மூக்கிரட்டையும் எங்க வீட்ல களை லிஸ்ட்ல இல்ல, கூட்டு லிஸ்ட்ல.