கேஷ்பேக் தொகைக்கு வருமான வரி உண்டா?

வங்கிக் கணக்கில் வரவான தொகை எதற்காக வந்தது என்பதை முதலில் பாருங்கள். குன்னூர் கடையொன்றில் வீட்டுக்கு மளிகை வாங்கி, அட்டையில் பணம் செலுத்தியதற்குத் திரும்பி வந்த கேஷ்பேக், பொதுவாக விலைத் தள்ளுபடியாகவே கருதப்படுவதால், அதை வருமானமாகக் காட்ட வேண்டியதில்லை. எதையும் வாங்காமலேயே, கணக்குத் தொடங்கியதற்கோ நண்பரைச் சேர்த்துவிட்டதற்கோ கிடைத்த வெகுமதி அப்படியன்று. அதை இதர வருமானத்தில் காட்டிவிடுவதே என் கணிப்பில் பாதுகாப்பானது.

தொழில் செய்வோர்தாம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கோத்தகிரியில் ஹோம்ஸ்டே நடத்துபவர் 10,000 ரூபாய்க்குக் கம்பளிகள் வாங்கி 500 ரூபாய் கேஷ்பேக் பெற்றால், செலவுக் கணக்கில் 9,500 ரூபாயை மட்டுமே எழுத வேண்டும். முழுத் தொகையையும் எழுதியிருந்தால், அந்த 500 ரூபாயைத் தொழில் வரவில் சேர்த்தாக வேண்டும். சிறு தொகைதானே என்று விட்டால், ஆண்டு முழுவதும் அது சேர்ந்துவிடும்.

சேமிப்புக் கணக்கு வட்டி வேறு; அதற்கு வரி உண்டு. பழைய வரி முறையில் 60 வயதுக்கு உட்பட்டோருக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை கழிவு கிடைக்கும். புதிய முறையில் அது இல்லை. வரிக் கணக்கைத் தாக்கல் செய்வதற்கு முன், வருமான வரித் துறையின் இணையதளத்திலிருந்து உங்கள் வட்டி முதலிய வரவு விவரங்கள் அடங்கிய ஆண்டுத் தகவல் அறிக்கையை (AIS) எடுத்து, பாஸ்புக் பதிவுகளோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.