டேனிங் பெட் வேண்டாம், உள்ளங்காலைப் பாருங்கள்

நாகர்கோவில், குளச்சல் பக்கமிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் அங்கே ஜிம்மிலும் சலூனிலும் தோலைப் பழுப்பாக்கும் டேனிங் பெட் பார்ப்பீர்கள். வைட்டமின் டி கிடைக்கும் என்று யாராவது சொன்னால் உள்ளே போய்ப் படுத்துவிடாதீர்கள், அது புற ஊதாக் கதிர் அடிக்கும் விளக்குப் பெட்டி, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2009இல் அதைப் புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில், அதாவது புற்றுநோய் வரவைக்கும் என்று உறுதியானவற்றின் பட்டியலில், சேர்த்துவிட்டது. வைட்டமின் குறைவா? ரத்தம் பார்த்துவிட்டு டாக்டர் சொல்லும் மாத்திரையைச் சாப்பிடுங்கள்.

அப்புறம், நமக்குக் கறுப்புத் தோல், ஒன்றும் வராது என்கிற பேச்சு பாதிதான் சரி. தோலுக்குக் கறுப்பு நிறம் தரும் மெலனின் ஓரளவு காக்கும். ஆனால் நம்மைப் போன்றவர்களுக்கு மெலனோமா என்கிற தோல் புற்றுநோய் வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று வெயிலே படாத இடங்களில்தான் அதிகம் வருகிறது. மாதம் ஒருமுறை குளித்த பிறகு, நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், குனிய முடியாத பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் பார்க்கட்டும். ஓரம் கோணலாக, இரண்டு மூன்று நிறமாக, 6 மில்லிமீட்டரைத் தாண்டி வளரும் மச்சமா, நகத்தில் புதிதாக வந்து அகலமாகிற கறுப்புக் கோடா, வாரக்கணக்கில் ஆறாத புண்ணா? முள் குத்தியிருக்கும் என்று மஞ்சள் பூசிக் காத்திருக்காமல் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.