விட்டுப்போன கைவித்தைக்குத் திரும்புகிறவர்கள் செய்யும் தவறுகள்

தைப்பூசக் காவடி முடிந்து, மொரிஷியஸின் ரோஸ் ஹில்லில் அக்கா வீட்டில் வாழையிலையில் ஏழு கறிச் சோறு. கை கழுவி வந்ததும் யாரோ, "மாமாவுக்கு மாயவித்தை தெரியும்" என்று கொளுத்திப் போட்டார்கள். நான் வித்தையைத் தொட்டுப் பதினாறு ஆண்டு ஆகிறது. மறுக்க மனம் வரவில்லை. ஐந்து ரூபாய் நாணயத்தை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றுவதுபோல் காட்டி, இடக்கையை மூடி ஊதினேன். ஏழு வயது மருமகன் அந்தக் கையைப் பார்க்கவே இல்லை. "தான் லோத் லாமே!" என்று எங்கள் ஊர்ப் பேச்சான கிரியோலில் கத்தினான். 'மற்றக் கையில்!' என்று பொருள். அங்கேதான் இருந்தது.

ஒத்திகை இல்லாமல் சபையேறியது முதல் தவறு. புதிதாகக் கற்கிறவருக்குத் தன் கை வராது என்று தெரியும், அடங்கி இருப்பார். திரும்பி வருகிறவருக்கோ கை ஓரளவு வந்துவிடுகிறது, வினையே அதில்தான். விரல் அசைவு நினைவிருக்கும். அந்த நேரத்தில் பார்வை எங்கே நிற்க வேண்டும், தோள் எப்படித் தளர்ந்திருக்க வேண்டும் என்பது போயிருக்கும். நான் இடக்கையைத்தான் பார்த்தேன். ஆனால் நாணயம் தங்கிய வலக்கையை ஒரு கணம் எட்டிப் பார்த்த பிறகு. திருட்டு முழி என்று நம் பாட்டிமார் சொல்வது இதைத்தான்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2006இல் குஸ்தாவ் கூன், மைக்கேல் லேண்ட் என்ற ஆய்வாளர்கள் இருவர் ஒரு வீடியோ காட்டினார்கள். வித்தைக்காரர் பந்தை மேலே எறிந்து பிடிக்கிறார். கடைசியில் எறிவதுபோல் பாவனை மட்டும், பந்து கையிலேயே இருக்கிறது. இல்லாத பந்தை அவர் கண் தொடர்ந்து போனபோது, பார்த்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் பந்து மேலே போனதைக் 'கண்டார்கள்'. அவர் தன் கையைப் பார்த்தபோது மூன்றில் ஒரு பங்கினர்தான்.

அடுத்தது கண்ணாடியை நம்புவது. கண்ணாடி முன் ஒரு மாதம் பழகினேன், குறையே தெரியவில்லை. பிறகு கைபேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துப் படம் பிடித்தேன். நாணயத்தை ஒளிக்கும் அதே கணத்தில், ஒவ்வொரு முறையும், கண்ணை இமைக்கிறேன்! இமை மூடியிருக்கும்போது கண்ணாடியில் என்ன தெரியும்? என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். அந்த ஒன்றில் மட்டும் தேர்ச்சி.

வேகம் கூட்டினால் தப்பிக்கலாம் என்று நினைப்பதும் வீண். அர்ஜென்டினாவின் ரெனே லாவண்ட் ஒன்பது வயதில் வலக்கையை இழந்தவர். ஒற்றைக் கையால், வேண்டுமென்றே மெதுவாகச் சீட்டு வித்தை செய்து உலகை வியக்க வைத்தார். நமக்கு இரண்டு கை இருந்தும் என்ன அவசரம்?

சாமான் வாங்கிக் குவிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாணய வித்தைப் பாடங்களில் அடிக்கடி வரும் அமெரிக்க அரை டாலர் 30.6 மில்லிமீட்டர் அகலம். நம் மொரிஷியஸ் ஐந்து ரூபாய் நாணயம் ஏறக்குறைய 31. கடைக்காரர் தரும் சில்லறையிலேயே ஆயுதம் இருக்கிறது. அதை உள்ளங்கை நடுவில் வைத்து, கட்டைவிரல் மேட்டுச் சதைக்கும் எதிர்ப்பக்கச் சதைக்கும் இடையே பிடித்தபடி வெனிலாத் தேநீர் ஆற்றுங்கள், கதவைத் திறங்கள். கை விறைப்பாகத் தெரியாத நாள் வரும்வரை யாருக்கும் காட்ட வேண்டாம். வயது ஏற ஏறத் தோல் உலரும், நாணயம் நழுவும். இளமைப் பிடியை அப்படியே எதிர்பார்க்க வேண்டாம். பழைய சீட்டுக்கட்டைத் தூக்கி எறிவதற்கும் தயங்காதீர்கள். என்னுடையது குயூர்பிப் வீட்டு அலமாரியில் பதினாறு மழைக்காலம் ஈரம் குடித்து வளைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. பாசத்தால் அதிலேயே பழகி, தவறெல்லாம் விரலுடையது என்று நினைத்து இரண்டு வாரம் வீணாக்கினேன்.

"இன்னொரு தடவை!" என்றதும் அதையே திரும்பச் செய்வது இன்னொரு சறுக்கல். இரண்டாம் முறை அவர்கள் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தே பார்ப்பார்கள். செப்படி வித்தைக்காரர் பந்தைத் திரும்பத் திரும்ப மறைக்கிறார் என்று தோன்றும். உண்மையில் ஒவ்வொரு சுற்றிலும் வழியை மாற்றிவிடுகிறார்.

கோணத்தை நான் கடைசியில்தான் யோசித்தேன். நம் வீடுகளில் பெரியவர்கள் நாற்காலியில், பிள்ளைகள் தரையில். விரல் மடிப்பில் ஒளிந்த நாணயம் எதிரே இருப்பவருக்குத் தெரியாது. கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கும் பையனுக்குப் பளிச்சென்று தெரியும். தெருவில் செப்படி வித்தை காட்டுகிறவர் தரையில் குந்தி உட்காருவது வறுமையால் என்றே எண்ணியிருந்தேன். அடுத்த முறை அக்கா வீட்டில் நானும் பாயை விரித்துத் தரையில்தான் உட்காரப்போகிறேன், மருமகனுக்கு நேர் எதிரே.