சர்க்யூட் முதலில், ஃபார்முலா அப்புறம்: ஒரு சோதனையை வைத்து வகுப்பை எழுப்புவது எப்படி?

எஞ்சினியரிங் பாடம் எடுக்கத் தொடங்கியிருக்கும் ஆசிரியர்களுக்கு இது. பின் வரிசை தூங்கி வழிகிறதென்றால் மாணவர்களைச் சோம்பேறிகள் என்று நினைத்துவிடாதீர்கள், பெரும்பாலும் நாம்தான் விடையை முதலில் சொல்லிவிட்டுக் கேள்வியைக் கடைசியில் கேட்கிறோம். கெபாசிட்டர் சார்ஜ் ஆவதை வைத்து இதை மாற்றிப் பார்க்கலாம்.

1. இரண்டு பேருக்கு ஒரு செட்: ப்ரெட்போர்டு, 9 வோல்ட் பேட்டரி, 10 கிலோஓம் ரெசிஸ்டர், 16 வோல்ட்டாவது தாங்கும் 1000 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் (பிளஸ், மைனஸ் பார்த்துப் போட வேண்டிய வகை), மல்ட்டிமீட்டர். நேரம் பார்க்க செல்போன் போதும். ஐந்து பேரை ஒரு மேசையில் விட்டால் ஒருவர் செய்வார், நான்கு பேர் வேடிக்கை பார்ப்பார்கள்.

2. ரெசிஸ்டரையும் கெபாசிட்டரையும் சீரிஸில் அவர்களே போடட்டும், மீட்டர் கெபாசிட்டரின் இரு கால்களில். பட்டை போட்ட பக்கம் மைனஸ். மாற்றிக் கொடுத்தால் சூடாகி வெடிக்கக்கூடும், அதனால் பேட்டரியை இணைக்கும் முன் அதையும் ஷார்ட் இருக்கிறதா என்பதையும் மேசை மேசையாகப் பாருங்கள். மற்ற தப்புகளில் கை வைக்காதீர்கள், அவர்களே தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

3. 10 விநாடியில் எத்தனை வோல்ட் காட்டும், 20 விநாடியில் எத்தனை? ஒவ்வொருவரும் ஊகித்துப் பேனாவால் எழுத வேண்டும். பென்சில் என்றால் பிறகு அழித்துவிடுவார்கள்.

4. இப்போது இணைக்கச் சொல்லுங்கள். மீட்டரில் எண் விறுவிறுவென்று ஏறும், 10 விநாடியில் 5.7 வோல்ட் பக்கம் வந்திருக்கும். அடுத்த 10 விநாடியில் இன்னொரு 5.7 ஏறப்போவதில்லை, மொத்தமே 7.8 பக்கம்தான் நிற்கும். "ஏன் மெதுவா ஏறுது?" என்று யாராவது கேட்பார்கள். தயவுசெய்து அங்கே பதில் சொல்லிவிடாதீர்கள்! இதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும். "ரெசிஸ்டருக்கு இப்போ எவ்வளவு வோல்ட் மிச்சம், அளந்து பாருங்க" என்று மட்டும் சொல்லுங்கள். மிச்சம் குறையக் குறைய கரண்டும் குறைகிறது என்பதை அவர்களே பிடித்துவிடுவார்கள். அதன்பின் சமன்பாட்டைப் போர்டில் எழுதினால், ஏற்கெனவே பார்த்த ஒன்றைத்தான் அது சொல்கிறது என்று புரியும். 10 கிலோஓம் × 1000 மைக்ரோஃபாரட் = 10 விநாடி, அதாவது 63 சதவீதம் ஏற ஆகும் நேரம்.

5. ஒரு மேசையில் 5.7 வோல்ட்டைத் தொட 11.5 விநாடி ஆகலாம். தப்பு என்று ஒதுக்காதீர்கள். இந்த வகை கெபாசிட்டரின் மதிப்பு 20 சதவீதம் வரை கூடக் குறைய இருப்பது சாதாரணம். உண்மையான மதிப்பைத் திருப்பிக் கணக்குப் போடச் சொல்லுங்கள், 1150 மைக்ரோஃபாரட் வரும். எனக்கு இந்தச் சோதனையில் மிகப் பிடித்த இடம் இது.

6. மறுபடி செய்யும் முன் பேட்டரியைக் கழற்றி, 1 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக 5 விநாடி டிஸ்சார்ஜ் செய்ய வேண்டும்.

7. ஊகம் சரியா என்பதற்கு மார்க் போடாதீர்கள், போட்டால் பக்கத்து மேசையைப் பார்த்து எழுதுவார்கள். ஊகத்துக்கும் அளவுக்கும் ஏன் வித்தியாசம் என்று விளக்கியதற்குப் போடுங்கள்.

சரி, அடுத்த வாரம் ஃபார்முலாவே கொடுக்காமல் ஒரு வேலை கொடுங்கள்: சுவிட்சை அணைத்த பிறகும் 5 விநாடி எரிந்துவிட்டு அணையும் எல்இடி. எந்த ரெசிஸ்டர், எந்த கெபாசிட்டர் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.